நாலு இழுப்பு

வேலப்பனுக்குக் காது கேட்காது என்பது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாகக் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி ஏறியதில் இரண்டு காதுச் சவ்வும் கிழிந்துபோயின. புரொப்பல்லரில் சுற்றிக்கொண்ட வலையை அறுத்துவிடுவது, அறுந்து விழுந்த நங்கூரத்தைச் சேற்றில் துழாவி எடுப்பது, சுனாமிக்குப் பிறகு துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடந்த விசைப்படகுகளுக்குச் சங்கிலி மாட்டுவது என்று அடியில் நடக்கிற வேலைக்கெல்லாம் அவர்தான் ஆள். காது போனதைப் பற்றி அவருக்குப் பெரிய விசனம் எதுவும் கிடையாது. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். இருபதடி தள்ளி நின்று இரண்டு பேர் அவரைப் பற்றிப் புறம் பேசினால்கூட, "இன்னா மாமு, என் மூஞ்சிக்கு நேரா சொல்லேன் அத்த" என்று பீடியும் கையுமாக வந்து நிற்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனை, எல்லோரும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நடமாடுகிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நோய் அப்படி. சாதாரண மாத்திரைக்கு அடங்காத காசம் என்றார் டாக்டர். தினம் ஓர் ஊசி, கை நிறைய மாத்திரை, சளிப் பரிசோதனை இரண்டு தடவை சுத்தமாக வரும்வரை தனி வார்டு. எப்படியும் அறுபது நாள் ஆகிவிடும். சுனாமி போன அடுத்த ஆடி மாதம், மாத்தூருக்குப் போகிற வழியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் மாடியில் அவரைச் சேர்த்தார்கள்.

பார்க்க வருகிறவர்கள் கேட்டுக்குப் பக்கத்திலுள்ள தகரக் கொட்டகையோடு நின்றுவிட வேண்டும். வார்டு ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே, பின்பக்கத் தைல மரங்களைப் பார்த்தபடி இருந்தன. மற்ற நோயாளிகளாவது கொட்டகையிலிருந்த இன்டர்காமில் வீட்டாரோடு பேசினார்கள். காது கேட்காதவருக்கு இன்டர்காமால் என்ன பிரயோஜனம்? எழுதிக் காட்டலாம் என்றால், வேலப்பனுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. உள்ளே போன நாளிலிருந்து ஒரு சொல்கூட அவரிடம் போய்ச் சேரவில்லை. கஞ்சி கொண்டுவருகிறவள் என்ன சொல்கிறாள், ஊசி போடுகிறவள் எதற்குத் தலையாட்டுகிறாள், வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள், இனித் தன்னைச் சேர்த்துக்கொள்வாளா என்று எதுவும் தெரியாமல் மனுஷன் படுக்கையில் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாம் நாள் பஸ் ஸ்டாப்பில் ஆஸ்பத்திரி லுங்கியோடு பிடித்தார்கள். பதினேழாம் நாள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கமாக இருக்கும்போது பிடித்தார்கள்.

அவர் வீட்டுக்காரி செங்கொடி அன்றைக்கும் வழக்கம்போல இரண்டு பஸ் மாறித் தூக்குவாளியோடு வந்திருந்தாள். கல்மண்டபத்தில் இட்லியும் வடகறியும் விற்கிறவள். மகள் மதியைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும்தான். விடியும் முன்னே எழுந்து கடலைப்பருப்பைக் கொரகொரவென்று அரைத்து, பொரித்து, உதிர்த்து, சோம்பு தாளித்த குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டு, எட்டரை மணிக்குள் அண்டா காலியானதும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்படுவாள். வேலப்பனுக்கென்று முதல் கரண்டியில் எடுத்துவைத்த வடகறி வாளியில் ஆறிப்போய் இருக்கும்.

கொட்டகை வாசலில் ஹெட் நர்ஸ் ஞானபாக்கியம் நின்றிருந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். உருவம் சிறியது, அதிகாரம் பெரியது.

"இங்க பாரு பிள்ளே, நான் ரெண்டு தடவ பொறுத்தாச்சு. இனி ஒருக்கா ஓடினாருன்னா பேர வெட்டிருவேன். இந்தக் கட்டிலுக்காகப் பதினோரு பேரு காத்துக் கிடக்காவ, கேட்டியா?"

"அவரு கெட்டவரு இல்ல சிஸ்டரம்மா. ஒண்ணியும் புரியல அவருக்கு. நீங்கல்லாம் வாயக் கட்டிகினு கீறீங்கோ."

"அவுத்துட்டுப் பேசினா எனக்கு வந்துரும். நான் செத்தா யாரு ஊசி போடுவா?"

"பாதியில வந்துட்டா இன்னா ஆவும்?"

ஞானபாக்கியம் கொஞ்சம் தணிந்தார். "பாதியில விட்டா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. ஆறு மாசம் தாங்க மாட்டாரு. ஒனக்கும் ஒட்டிக்கும். அதச் சொல்லத்தான் எனக்கும் வழி தெரியல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். செங்கொடி கொட்டகை மூலையில் இன்டர்காம் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு அழத் தொடங்கினாள்.

"அழுவறதுக்கு நல்ல எடமா பாத்த யக்கா! வயரு தொறந்து கீது. கண்ணுத் தண்ணி பட்டா ஷாக் அட்ச்சிரும்."

பெட்டிக்குக் கீழே தரையில் படுத்திருந்த ஆளை அவள் அப்போதுதான் பார்த்தாள். மஜீது. கல்மண்டபத்தில் அவள் கடைக்கு எதிர்வாடையில் டெலிபோன், பேஜர், செல்போன் எல்லாம் ரிப்பேர் செய்கிறவன். தினம் காலையில் நாலு இட்லியும் இரண்டு கரண்டி வடகறியும் அவளிடம் வாங்கித் தின்கிறவன். ஆஸ்பத்திரி இன்டர்காம் பழுதானால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"மஜீது பாய், ஒன் டெலிபோன்ல எங்கூட்டுக்காரருக்குக் கேக்கற மாரி ஒண்ணு பண்ணேன்."

"காதே இல்லாதவருக்கு டெலிபோன்ல இன்னாத்த பண்றது?" என்று எழுந்து உட்கார்ந்து, ஸ்குரூடிரைவரால் முதுகைச் சொறிந்தான். சொறிந்துகொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். "யக்கா, பேஜரு தெரியுமா ஒனக்கு?"

"இடுப்புல சொருவிகினு திரிவீங்களே, அதானே?"

"அதான். சத்தம் வேணாம்னு அமுத்தி வச்சா டிர்ர்ர்னு ஒதறும். அது காதாண்ட பேசாது, இடுப்பத் தொட்டுக் கூப்டும். கம்பெனிய மூடிட்டு பூட்டானுங்கோ, செத்த பேஜரு மூணு மூட்ட வாங்கிப் போட்டு வச்சிக்கினு கீறேன். எம் பொண்டாட்டி தூக்கிக் கடல்ல போடுன்றா." அவன் முகம் வெளிச்சமாகிவிட்டது. "ஒதறுற மோட்டர மட்டும் புடுங்கி ஒரு பட்டையில தெச்சு அவரு கையில கட்டிரலாம். நீ இங்க ஒண்ண அமுக்குனா அங்க அவரு கைய ஒதறும். அவரு அமுக்குனா ஒன் கைய ஒதறும். இன்டர்காம்ல ரெண்டு வயரு சும்மா தான் கீது."

நாலாம் நாள் அதைச் செய்தே கொண்டுவந்துவிட்டான். அமுக்குவதற்கு ஆட்டோ ஹார்னின் கறுப்பு ரப்பர் பந்து, ஆளுக்கு ஒன்று. உள்ளே ஊதியை எடுத்துவிட்டு ஒரு சுவிட்சை வைத்திருந்தான். கட்டிக்கொள்ள, பழைய தோல் கையுறையை வெட்டித் தைத்த பட்டை. அதற்குத் 'தொட்டுப் பெட்டி' என்று பெயரும் வைத்துவிட்டான். வாட்ச்மேன் மட்டும் கடைசிவரை அதை ஹார்ன் பொட்டி என்றே சொன்னார்.

ஞானபாக்கியம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தம் வராதுல்லா? அங்க உள்ளது அங்கயே இருக்கும்லா? அப்போ வையி." பட்டையை அவரே எடுத்துக்கொண்டு போய் வேலப்பனின் மணிக்கட்டில் கட்டினார். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள் என்று நினைத்து வேலப்பனும் கையைக் கொடுத்தார்.

கொட்டகையில் செங்கொடி ரப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டாள். சொல்வதற்கு மூட்டை மூட்டையாக இருந்தது. மதிக்கு மூன்று மாதம் என்று சொல்ல வேண்டும். தெருமுனையில் கூழ் ஊற்றுகிறவர்கள் மைக் கட்டி உயிரை எடுப்பதைச் சொல்ல வேண்டும். உன்னை ஒருவரும் கைவிடவில்லையய்யா என்று சொல்ல வேண்டும்.

"அமுக்கு யக்கா."

ஒருமுறை அமுக்கினாள். இவ்வளவுதானா என்றிருந்தது. இருபது நாள் பேசாத பேச்சுக்கு ஒன்று எப்படிப் போதும்? ஆசை தீர, படபடவென்று இன்னும் மூன்று அமுக்கினாள்.

மாடியில் ஏதோ கவிழ்ந்து விழுகிற சத்தம் கேட்டது. "பிடி! பிடி!" என்று ஞானபாக்கியத்தின் குரல். படிக்கட்டில் யாரோ தடதடவென்று இறங்கினார்கள். அடுத்த நிமிஷம் பச்சை லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் பட்டையும் அறுந்த வயருமாக, வேலப்பன் வெயிலில் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு வார்டு ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் ஞானபாக்கியம்.

கொட்டகைக்குப் பத்தடி முன்னால் நின்றார். மூச்சு இரைத்தது. செங்கொடியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இன்னாமே ஆச்சு? யாருக்கு இன்னா? மதிக்கா?"

"ஒண்ணும் ஆவலய்யா! சும்மா தான் அமுக்குனேன்!"

அவள் வாயில் துணி இல்லை. இருபது நாள் கழித்து அவர் படித்த முதல் வாய் அதுதான். படித்ததும் அவருக்கு வந்ததே கோபம்!

"சும்மாவா? சும்மா எவனாச்சும் நாலு இழுப்பு இழுப்பானாமே? கொல நடுங்கிப் போச்சு எனக்கு!"

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வார்டு ஆட்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப் போனார்கள். போகிறபோது திரும்பிப் பார்த்து, "மதிக்கு இன்னா?" என்று மறுபடியும் கேட்டார். செங்கொடி வயிற்றை வட்டமாகத் தடவிக் காட்டினாள். வேலப்பன் நின்று, புரிந்துகொண்டு, இருமலுக்கு நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வார்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஞானபாக்கியம் இடுப்பில் கைவைத்து நின்றார். "மூணாவது தடவ ஆச்சு."

"இல்ல சிஸ்டரம்மா!" செங்கொடி குறுக்கே வந்து நின்றாள். "இது கணக்குல சேராது. அவரு ஓடிப் போவல. நான் கூப்ட்டேன், வந்தாரு. கடலுக்குள்ள நாலு வாட்டி கயிறு இழுத்தா ஆபத்து, போட்டது போட்டபடி மேல வந்துருன்னு அர்த்தம். எனக்கு அது தெரியும் சிஸ்டரம்மா, கேள்விப்பட்டுக் கீறேன். ஆசையில மறந்து பூட்டேன். தப்பு எம் மேல."

ஞானபாக்கியம் கவிழ்ந்த மருந்துத் தட்டையும் உடைந்த இரண்டு பாட்டிலையும் மனசுக்குள் ஒருமுறை எண்ணியிருப்பார். பிறகு கேட்டார்.

"வான்னு சொல்லியதுக்கு ஒண்ணு உண்டும்னா, நில்லுன்னு சொல்லியதுக்கும் ஒண்ணு இருக்கணும்லா?"

"இருக்கும்."

"அப்போ அதப் படிச்சிட்டு வா. மூணு நாளு தாரேன். அதுவர அந்தப் பந்தத் தொடப்பிடாது."

அதைச் சொல்லிக்கொடுக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. தவசிமுத்து. தூத்துக்குடிக்காரர். வேலப்பன் இறங்கினால் மேலே படகில் கயிறு பிடிப்பவர் அவர்தான், பதினெட்டு வருஷமாக. கயிறு பிடிக்கிறவனை மூழ்குகிறவன் மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும். அது அந்தத் தொழிலில் ஒரு பழக்கம். பெண்டாட்டியின் அண்ணன் தம்பி மட்டும்தான் கயிற்றைக் கைநழுவ விடமாட்டான் என்பது கணக்கு. ரத்த உறவே இல்லாவிட்டாலும் கயிற்றைக் கையில் எடுத்த அன்றைக்கே அவன் மச்சானாகிவிடுவான். அதனால் தவசிமுத்துவுக்குச் செங்கொடி தங்கச்சி. மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தவர், நல்லவேளையாக அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பின்னால் வலைக் குவியலின்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மத்தியான ஏலம் முடிந்து தரையெல்லாம் செதிலும் ஐஸ் தண்ணீருமாக இருந்தது. எண்ணூர்ப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. தவசிமுத்து நைலான் கயிற்றின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்கிட்டேன். இழு பாப்போம்."

இழுத்தாள்.

"ஏ, என்ன தங்கச்சி, கிணத்துல வாளி எறைக்கியா? கை கழண்டுரும். வெடுக்குன்னு ஒண்ணு, அம்புட்டுதான். ஒண்ணு இழுத்தா 'சொகமா இருக்கியா'ன்னு அர்த்தம். அவனும் ஒண்ணு திருப்பி இழுப்பான். எது கெடச்சாலும் கெடச்சதத் திருப்பிக் குடுக்கணும். குடுக்கலன்னா கேக்கலன்னு அர்த்தம். ரெண்டு, 'இன்னும் விடு', கயிறு பத்தல. மூணு, 'சாமான் ஆப்புட்டுட்டு, தூக்கு'. நாலு ஒனக்கே தெரியும்."

"அத்தச் சொல்லாத அண்ணாத்தே, மானம் போவுது."

கூடையோடு போன மீன்காரி ஒருத்தி நின்று பார்த்தாள். "இன்னா செங்கொடி, அண்ணாத்தய கட்டி எங்க இட்டுகினு போற? கசாப்புக் கடைக்கா?"

"தோ, ஒன் வூட்டுக்குத் தான். கறி கொஞ்சம் முத்தல், நேரம் வேவணும்."

தவசிமுத்து கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பிறகு கயிற்றைத் தன் பக்கம் மெதுவாக இழுத்து, இழுத்த இழுப்பிலேயே பிடித்துக்கொண்டார். விடவில்லை. செங்கொடியின் கையில் கயிறு விறைப்பாக நின்றது.

"இதுதான் நில்லு. நீட்டமா ஒரே இழுப்பு. இதுதான் கஷ்டம், பாத்துக்கிடு. பன்னெண்டு பாக ஆழத்துலருந்து ஏறி வாறவன் பாதியில நிக்கணும். அவனுக்கு மேல வெளிச்சம் தெரியும், படகோட அடி தெரியும், கைய நீட்டினா புடிச்சிரலாம் போல இருக்கும். உடம்புல ஒரு வலியும் இருக்காது. அப்பத்தான் நிறுத்தணும். நிக்காம வந்தான்னா உள்ள இருக்க காத்து கொப்பளிச்சு கையி காலு மொடங்கிரும். எத்தனையோ பேரு போயிருக்கான். நான் நிறுத்தினா மச்சான் நின்னுருவான். ஏன், எதுக்குன்னு கேட்டது கெடையாது. கேக்கவும் முடியாதுல்லா தண்ணிக்குள்ள!"

செங்கொடி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அவரு அங்கதான் கீறாரு அண்ணாத்தே. பாதியில."

தவசிமுத்து திரும்பி உட்கார்ந்தார். "ஆமா. கயிறு இப்ப ஓங் கையில இருக்கு. ஒனக்கு நான் மச்சான்னு பேரு வைக்க முடியாது, நீயே பாத்துக்க."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் தார்ப்பாய்க்கடியில் புகுந்துகொண்டு, அங்கேயும் கயிற்றை விடாமல் இழுத்துப் பழகினார்கள்.

மூன்று நாள் கழித்து ஞானபாக்கியம் சொன்னபடி வேலப்பனுக்குப் பட்டையைக் கட்டி, அமுக்குகிற பந்தையும் கையில் கொடுத்தார். இந்தத் தடவை வயரைக் கட்டில் காலில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்தார். செங்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை, வெடுக்கென்று அமுக்கினாள்.

அவள் கையில் கட்டியிருந்த பட்டை ஒருமுறை உதறியது.

சுகமா இருக்கியா? சுகமா இருக்கேன். அவ்வளவுதான். செங்கொடிக்குப் பட்டை உதறிய இடத்திலிருந்து தோள்வரை புல்லரித்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக, ஓடி வராமல் இருந்த இடத்திலிருந்தே அவர் அவளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். மஜீது அவளைவிட அதிகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், புகை என்றான். கொட்டகையில் புகை எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு வாரம் ஒன்றும் இரண்டுமாகவே பேச்சு ஓடியது. வடகறி போன நாளில் வேலப்பன் இரண்டு அமுக்கினார். இன்னும் விடு. கயிற்றைக் கேட்கவில்லை என்பது செங்கொடிக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் வாளி பெரிதாயிற்று. நெத்திலிக் குழம்பு அனுப்பினாள். மூன்று வந்தது. சாமான் ஆப்புட்டுட்டு. கொட்டகையில் அவள் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து வாட்ச்மேன் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

முப்பத்தோராம் நாள் இன்டர்காம் அடித்தது. ஞானபாக்கியத்தின் குரல் தாழ்ந்து வந்தது.

"பிள்ளே, அவரு பைய கட்டியாரு. காய்ச்சல் விட்டாச்சு, இருமலும் இல்ல. நல்லாயிட்டோம்னு நெனைக்காரு. பட்டைய இப்பந்தான் அவுக்கப் போறாரு. நான் பிடிக்கல. ஆளப் போட்டுப் பிடிச்சு எத்தன நாளு வைக்க? ஓங் கையிலதான் இருக்கு. சீக்கிரம்."

செங்கொடி ரிசீவரை அப்படியே தொங்கவிட்டாள். பந்தை எடுத்து அமுக்கினாள். அமுக்கியவள் விடவில்லை.

பட்டையில் எந்தப் பதிலும் இல்லை. அவிழ்த்துவிட்டாரோ? அவிழ்த்துப் படுக்கையில் போட்டிருந்தால் அது இப்போது யாருமில்லாத மெத்தையில் உதறிக்கொண்டு கிடக்கும். அவளுக்குக் கட்டைவிரல் வலித்தது. மறு கையையும் சேர்த்து வைத்து அமுக்கினாள். மணலி ரோட்டில் லாரி ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று. நில்லுய்யா. வெளிச்சம் தெரியும்யா, எனக்கும் தெரியுது, நில்லுய்யா. சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் எழுந்து வந்து பார்த்தார், பக்கத்தில் நின்றார்.

பட்டை உதறத் தொடங்கியது. உதறிக்கொண்டே இருந்தது. நீளமாக, ஒரே உதறல். அவள் அமுக்கியிருந்த நேரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் உதறி நின்றது.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்து ஞானபாக்கியம் கத்துவது கேட்டது. "பிள்ளே! பிள்ளே! கேட்டியா? பைய கீழ வச்சிட்டாரு! கட்டில்ல ஏறிச் சம்மணம் போட்டு இருந்துட்டாரு!"

அதற்குப் பிறகு அவர் பையைத் தொடவே இல்லை. மஜீதுக்குத்தான் வேலை கூடிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கத் தொடங்கினார்கள். இன்டர்காமில் பேச முடிந்தவர்களுக்குமே பேசி முடித்த பிறகு கை சும்மா இருப்பது பிடிக்கவில்லை. இன்னும் நாலு பெட்டி செய்து வைத்தான். மாத்தூர் லாரி டிரைவர் ஒருவரின் கைக்குழந்தை பந்தைப் பிசையும், மேலே அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். அவர்களுக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கெல்லாம் இல்லை. பிசைவதே போதுமாயிருந்தது. "எம் பொண்டாட்டிகிட்ட சொல்லு யக்கா, மூணு மூட்டையில ஒண்ணு காலி ஆயிருச்சுன்னு" என்றான் மஜீது.

புரட்டாசி பிறந்து மீன் விலை சரிந்திருந்த ஒரு காலையில் இரண்டாவது பரிசோதனையும் சுத்தமாக வந்தது. மருந்தை வீட்டிலிருந்தே தின்னலாம், ஊசிக்கு வந்துபோனால் போதும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஞானபாக்கியம் வார்டுக்குப் போய்ப் பையை எடுத்து வேலப்பன் மடியில் வைத்து, வாசலைக் காட்டினார். வேலப்பன் பையைக் கீழே வைத்துவிட்டார். ஞானபாக்கியம் 'எல்லாம் சரி' என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேலப்பன் மாட்டேன் என்று தலையை ஆட்டி, பட்டை கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார்.

இன்டர்காம் அடித்தது. "எறங்க மாட்டேங்காரு பிள்ளே. நான் சொன்னா கேக்க மாட்டாராம். ஒன் உத்தரவு வேணுமாம்."

கொட்டகையில் தவசிமுத்துவும் இருந்தார், மஜீதும் இருந்தான். கூட்டிப்போக ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. செங்கொடி பந்தைக் கையில் எடுத்தாள். அன்றைக்கு ஆசையில் தப்பாக அமுக்கியது இது. இன்றைக்கு ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி அமுக்கினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

பட்டையில் நாலு திரும்பி வந்தது. எல்லோரும் படிக்கட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. "நான் போய் ஆட்டோவுல குந்துறேன், தலைவரு கடல்லருந்து வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்" என்று மஜீது போனான். தவசிமுத்துவும் சிரித்துக்கொண்டே பின்னால் போனார். செங்கொடி யாரையும் கேட்காமல் படியேறினாள். அவளை இன்று யாரும் தடுக்கவில்லை.

படிக்கட்டு பாதியில் திரும்புகிற இடத்தில், பையின்மேல் உட்கார்ந்திருந்தார் வேலப்பன். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு மொட்டையடித்த தலையில் முடி முளைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனாலும் முகம் பளிச்சென்று இருந்தது.

"இன்னாய்யா இங்க குந்திகினு கீற? எனக்கு உசுரே பூட்டுது!"

அவள் வாயைப் படித்தார். சிரித்தார்.

"பாதியில நின்னு வரணும்ல? மச்சான் திட்டுவான்."

"ஐய, இன்னும் எம்மாம் நேரம் நிப்ப?"

வேலப்பன் பக்கத்தில் இடம் விட்டார். செங்கொடி உட்கார்ந்தாள். அவர் அவள் கையை எடுத்தார். பட்டை இல்லை, வயர் இல்லை, இரண்டு மாதம் வேலை செய்யாமல் மெத்தென்று ஆகிப்போன அவர் கை. ஒருமுறை அழுத்தினார். அழுத்தியவர் விடவில்லை. நீளமாக, ஒரே அழுத்து.

கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செங்கொடியும் அழுத்தினாள், அவளும் விடவில்லை.

கேட்டுக்கு வெளியே பொறுமையிழந்த மஜீது ஆட்டோ ஹார்னின் பந்தைப் பிடித்து அமுக்கினான். ஊதியை எடுக்காத, நல்ல ஹார்ன். பாம், பாம், பாம், பாம் என்று நாலு முறை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

வேலப்பனுக்குக் கேட்கவில்லை. செங்கொடிக்குக் கேட்டது. அவள் சொல்லவில்லை.